பட்டியலில் இல்லாத மலை

1

சமையலறை மேசையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று மூன்று நாளாகக் கிடக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர்கள் மலைச் சைக்கிள் பயிற்சியில் சேர வேண்டுமானால் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் கண்ணன் படிவம் வந்த அன்றே போட்டுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் எனக்கான கோடு காலியாக இருக்கிறது.

மியூனிக்குக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். வீடு மாறினால் ஒன்று, குப்பைத் தொட்டிக்கு ஒன்று, பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போட ஒன்று. ஆரம்பத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியர்த்தேன். இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் இந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

"கடந்த இரண்டு ஆண்டுகளில் சைக்கிள் விபத்து நேர்ந்ததா? ஆம் எனில், காரணம்?"

காரணத்துக்கு ஒற்றை வரிதான் விட்டிருக்கிறார்கள். போன வருடம் காப்பீட்டு நிறுவனமும் இதே கேள்வியைக் கேட்டது. அப்போது நான் யோசிக்கவே இல்லை. "கல் தடுக்கியது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் கல்லே கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். சைக்கிளை மலைக்குக் கொண்டுபோவார்களா என்று, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான பந்தல்குடியில் என் அண்ணனே கேட்டான். கொண்டுபோவார்கள். கம்பியில் தொங்கும் பெட்டியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், அங்கிருந்து அதற்கென்றே வெட்டிய மண் பாதைகளில் இறங்குவார்கள். நீலக் குறி போட்ட பாதை சுலபம், சிவப்பு கஷ்டம், கறுப்பு கெட்டிக்காரர்களுக்கு மட்டும். ஜூன் வரை மேலே பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். ஆகவே காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் நான் விரும்பிக் கற்றுக்கொண்டதல்ல. என் மகள் மதிக்குப் பதின்மூன்று வயதில் பிடித்த பைத்தியம் இது.

போன ஆகஸ்டில் சுவிஸ் நாட்டு மலை ஒன்றுக்குப் போனோம். மதிக்கு அப்போது பதினாறு. சிவப்புப் பாதையின் கடைசி வளைவுக்குக் கீழே மரப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய குழு ஒவ்வொருவராக இறங்கி வந்தது. நான்காவதாக மதி. வளைவுக்கு முன்னால் பாதை சட்டென்று செங்குத்தாகும். அங்கே அவளுடைய பின் சக்கரம் சுற்றுவது நின்றுபோனதைப் பார்த்தேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், அவளை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமுமாக எறிந்தது.

தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு முறிந்திருந்தது. தலையிலும் அடி. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் ஓடிப்போய் "மதி, அம்மாடா, இங்க பாரு" என்றேன். அவள் கண்ணைத் திறந்து, ஜெர்மன் மொழியில், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் பேசும் மரியாதைப் பன்மையில் கேட்டாள்: "மன்னிக்கவும், நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?"

அது பத்து நிமிடம் நீடித்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கும்போது "அம்மா, என் சைக்கிள் எங்க?" என்று தமிழில் கேட்டாள். மருத்துவர்கள் இது சகஜம் என்றார்கள். எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் அந்த மரியாதைப் பன்மை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. பேக்கரியில் யாராவது பின்னாலிருந்து "மன்னிக்கவும்" என்றால் மதியா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஹெலிகாப்டர் போன பிறகு, குழுவை அழைத்து வந்த வழிகாட்டிப் பெண் மண்ணைக் காட்டினாள். பின் சக்கரம் கிழித்த ஒரே ஒரு கோடு, ஆறேழு மீட்டர் நீளத்துக்கு. முன் சக்கரத் தடத்தில் அழுத்தமே இல்லை.

"முன் பிரேக்கை அவள் தொடவே இல்லை. பயிற்சியில் இரண்டையும் பிடிப்பாள். பயந்தவுடன் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் யாரோ அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்" என்றாள்.

அந்த யாரோ நான்தான்.

3

மதிக்கு ஐந்து வயதில், பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிள் பழக்கினேன். என் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிக்கொடுத்தேன். முன் பிரேக்கைத் தொடாதே, தொட்டால் குப்புறத் தள்ளிவிடும். நம் ஊர் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில், இங்கே இடது கையில். அந்த வித்தியாசத்தைக்கூட கவனித்துக் கையை மாற்றிச் சொன்னேன். அவ்வளவு அக்கறை. அப்புறம் நான்காம் வகுப்பில் போலீஸ்காரர் பள்ளிக்கு வந்து சைக்கிள் தேர்வு வைத்தபோது இரண்டு பிரேக்கையும் பிடிக்கச் சொன்னார். தட்டையான ரோட்டில் அவள் பிடித்தாள், தேறினாள். கைக்குள் நான் போட்டுவைத்தது மட்டும் அப்படியே இருந்தது.

இதை நான் கண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதி சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் மறுபடியும் மலைக்குப் போறேன்." கேள்வியாகக் கேட்கவில்லை. கண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

மறுநாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கே போவது என்று அவள் போட்ட பட்டியல். முதலாவது, ஆஸ்திரியாவின் திரோல் மலைகள்: கம்பிவண்டி உண்டு, நீலப் பாதைகள் அதிகம், ரயிலில் இரண்டு மணி நேரம். இரண்டாவது, இமாச்சலத்தின் ஸ்பிதி: கம்பிவண்டி கிடையாது, ஜீப்பில் ஏற வேண்டும், பள்ளத்தாக்கே கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல், மூச்சு பழக முதலில் சில நாள் சும்மா இருக்க வேண்டும். அதன் எதிரே, "முடித்துவிட்டு அருப்புக்கோடை போகலாம்" என்று தமிழில் எழுதியிருந்தாள். "ட்" ஒன்று குறைந்திருந்தது. திருத்த மனம் வரவில்லை.

நான் பேனாவை எடுத்து அவள் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், போன் சிக்னல் உண்டா, ஹெலிகாப்டர் இறங்க இடம் இருக்கிறதா. ஸ்பிதி மூன்றிலும் தோற்றது. பிறகு என் பங்குக்கு மூன்றாவதாக ஓர் இடம் எழுதினேன்: டான்யூப் நதிக்கரைச் சைக்கிள் பாதை.

மாலையில் மதி அதைப் படித்தாள். "அம்மா, இது தட்டையா இருக்கு."

"ஆறு அழகா இருக்கும். வழியெல்லாம் தேவாலயம்."

"மலைக்குப் போறோம்னுதானே பேச்சு. நீ எங்களை அருப்புக்கோட்டை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போற."

கண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரங்கள் போயின. தாளில் என் கட்டங்கள்தான் பெருகின. அவளுடைய பிரிவு இரத்தம் கிடைக்குமா என்றுகூட ஒரு கட்டம். மதி அந்தக் கதவைத் திறந்து பால் எடுப்பாள், மூடுவாள், எதுவும் சொல்ல மாட்டாள். அவள் அறையில் ஜெர்மன் குரல்கள் கேட்கும், சிரிப்பு கேட்கும். நான் கதவைத் தட்டினால் நிற்கும். பெண் நம்மைவிட்டு விலகிப்போகும்போது சத்தம் போட்டுக்கொண்டு போவதில்லை. தன் திட்டங்களை நம்மிடம் சொல்வதை நிறுத்திக்கொள்கிறாள்.

4

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனோம். கண்ணனுக்கு வேலை, வரவில்லை. திருச்சுழிப் பக்கம் அம்மா பெயரில் கிடக்கும் மானாவாரி நிலத்துக்குப் பட்டா மாற்ற நானும் அண்ணனும் நேரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அண்ணன் பெயர் பாண்டி. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டும் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் வீடு. முன்பல் இரண்டும் கட்டியவை. காலையில் மதியை மதினியிடம் விட்டுவிட்டு அண்ணனும் நானும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினோம். தாலுகா ஆபீசில் எழுத்தர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல பிறந்த ஊரு அருப்புக்கோட்டைன்னு இருக்கு. மனுவுல பந்தல்குடின்னு எழுதியிருக்கீக."

"அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில பிறந்தேன் சார். வீடு பந்தல்குடி."

"அப்ப ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்துருங்க. காரணத்தத் தெளிவா எழுதுங்க."

காரணம். இங்கேயும் அதே கேள்விதான். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப மதியம் ஆகிவிட்டது.

கடையில் மதி இல்லை.

"சைக்கிள எடுத்துக்கிட்டு கண்மாய்ப் பக்கம் போச்சு" என்றார் மதினி, மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே. "ஒரு மணி நேரம் இருக்கும். கண்மாய்ல தண்ணி கெடக்குன்னேன், பாத்துட்டு வாரேன்னு போச்சு."

"எந்தச் சைக்கிள்?"

"உன் சைக்கிள்தான். இவுக அத விட்டாகளா, தொடச்சுத் தொடச்சு வச்சிருக்காக."

நான் பள்ளிக்கூட நாளில் ஓட்டிய சைக்கிள். அதில் முன் பிரேக் கிடையாது. எனக்குப் பழக்கிய அன்றே அண்ணன் முன் சக்கரத்தின் பிரேக் கட்டைகளைக் கழற்றிவிட்டான். பிடிக்க நினைத்தாலும் பிடிக்க முடியக் கூடாது என்று.

நான் ரோட்டில் ஓடினேன். அந்த ரோட்டில் லோடு லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் பின்னாலேயே வந்தான். "ஏத்தா, நில்லு. வெயில்ல ஓடாத. அது என்ன பச்சப் புள்ளையா" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை. கண்மாய்க்குத் திரும்பும் வண்டிப் பாதையில் பாதி தூரம் போனபோது எதிரே மதி வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, நெற்றியில் வியர்வை.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"இல்லையே. இதுல ஒரு பிரேக்தான் இருக்கு. கரை மேல ஏறுனப்புறந்தான் பாத்தேன். அதான் ஓட்டாம தள்ளிட்டு வந்தேன்." பிறகு அண்ணனைப் பார்த்து, "மாமா, இது உடைஞ்சு போச்சா?" என்றாள்.

"உடையல மருமகளே. மாமாதான் கழட்டுனேன். முன் பிரேக்கத் தொடக் கூடாதுத்தா. தொட்டா குப்புறத் தள்ளிரும்."

மதி என் பக்கம் திரும்பினாள். அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும். அதே சொற்கள், அதே வரிசை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். இனி மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம் என்று தோன்றியது.

"உன் மலையில கல்லு எதுவும் இல்ல, மதி" என்றேன். "நான் தப்பா பழக்குனதாலதான் விழுந்த. அந்த வழிகாட்டி அன்னைக்கே சொல்லிட்டா. நான் யார்ட்டயும் சொல்லல."

சீமைக் கருவேலமரத்திலிருந்து ஒரு கரிச்சான் குருவி பறந்து போனது. மதி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததல்ல.

"அதான் டான்யூபா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்மா. பிரேக்குதான்னு. ஆஸ்பத்திரியிலயே தெரியும். எலும்பு கூடுனதுலருந்து ரெண்டு மாசமா பக்கத்துக் குன்றுல அதத்தான் பழகுறேன். நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

நான் அவளைக் காப்பாற்ற மறைத்தேன். அவள் என்னைக் காப்பாற்ற மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால்.

5

அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், பழைய சைக்கிளுக்குப் பொருந்தும் பிரேக் கட்டைகள் நான்கு வாங்கி வந்தான். கடை வாசலில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தான். மதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு சைக்கிளுக்கு மாட்டுனாப் போதுமா?" என்றார். "அந்தக் காலத்துல தெருவுல பாதிப் பொம்பளப் பிள்ளைக சைக்கிளுக்கு இவுகதான் கழட்டிவிட்டது. வரிசையா வந்து நிப்பாளுக. எனக்கும் கழட்டிவிட்டாக. அதப் பாத்துத்தான் எங்க அய்யா பொண்ணு குடுத்தாரு."

"ஏன் மாமா கழட்டுனீங்க?" என்றாள் மதி.

அண்ணன் கட்டிய பற்களைத் தட்டிக் காட்டினான். "பருத்தி விதை மூட்டையோட கண்மாய்க் கரையில இறங்குனேன். வலது கைய ஒரே பிடி. சைக்கிள் நின்னுச்சு, நான் நிக்கல. பல்லு ரெண்டும் இன்னும் அங்கனதான் கெடக்கு. அதுக்கப்புறம் நம்ம வீட்டுப் பிள்ளைக விழக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நீங்க அமுக்கிப் பிடிச்சதுதான் மாமா தப்பு. பிடிச்சது தப்பில்ல."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். முப்பது வருடமாக லாரிச் சக்கரங்களோடு பழகுகிறவன். "லாரியிலயும் இறக்கத்துல பாரம் முன்னாடிதான் வரும்" என்று மெல்லச் சொன்னான். "முன் சக்கரத்துலதான் பிடிப்பு இருக்கும். இது எனக்குத் தெரியும். சைக்கிளுக்குப் பொருத்திப் பாக்கல."

சாயங்காலம் மூன்று பேரும் கண்மாய்க்குப் போனோம். அந்த வருடம் மழை இருந்ததால் பாதிக் கண்மாய் நிறைந்து கிடந்தது. மறுபக்கம் மக்காச்சோளம் ஆள் உயரம். கரையின் இறக்கம் இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். மதி முதலில் இறங்கிக் காட்டினாள். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை மடக்கி, வலது கையில் ஒரே விரல். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெதுவாக. சைக்கிள் சரிவின் நடுவில் வேகம் குறைந்து, நின்று, மறுபடி நகர்ந்து, கீழே போனது.

அடுத்து அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "மருமகளே, கீழ போயி நில்லு. பல்லு விழுந்தா பொறுக்கணும்" என்றான். இறங்கினான். கீழே போய்க் காலை ஊன்றி நின்றுகொண்டு, வெகுநேரம் வலது கை பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தான்.

பிறகு என் முறை. வேண்டாம் என்றேன். மதி ஒன்றும் வற்புறுத்தவில்லை. சைக்கிளை மேலே கொண்டுவந்து என் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் அவளுக்குப் பிடித்து நின்றதைப் போலவே. ஏறினேன். சரிவின் விளிம்பில் என் வலது கை பிரேக்கைத் தொட மறுத்தது. நாற்பத்தாறு வயதுக் கை. அதற்குள்ளும் அண்ணன் சொன்னது இருந்தது.

"ஒரு விரல், அம்மா. பின்னாடி உக்காரு. என்னப் பாக்காத, கீழ பாரு."

சக்கரம் மண்ணைப் பிடித்ததை உள்ளங்கையில் உணர்ந்தேன். கீழே வந்து நின்றேன். விழவில்லை.

அந்த இடத்திலேயே அவளிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லு. பட்டியல்ல உனக்குப் பிடிச்சது எது? ஸ்பிதியா, திரோலா?"

அவள் தண்ணீர்ப் பக்கம் பார்த்தாள். "ரெண்டும் இல்ல. திரோல் நீ பயப்படாம இருக்க. ஸ்பிதி, ஊருக்கும் வரலாம்னா நீ சரின்னு சொல்லுவன்னு எழுதுனேன்."

"அப்ப எங்க?"

"அங்கதான்." அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. அவள் விழுந்த மலையை அவள் பட்டியலில் எழுதவே இல்லை.

6

மியூனிக் திரும்பியதும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல. ஜனவரி முழுக்கக் கணக்குப் போட்டேன். ஆனால் இந்த முறை என் கட்டங்களில் பயத்தை எழுதவில்லை, கேள்விகளை எழுதினேன். கண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எனக்குப் பழக்கினவர் இரண்டு பிரேக்கையும் கழற்றியிருந்தார்" என்றார். பொய். ஆனால் எனக்கு அப்போது அது வேண்டியிருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தபோது, அந்த மலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. கம்பிவண்டி இருக்கிறது. கீழேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, அதன் வழி எங்களுக்குத் தெரியும். உயரம் ஸ்பிதியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், மூச்சு பழக ஒரு நாள் போதும். நீலப் பாதைகள் ஆறு இருக்கின்றன, போன வருடம் அவற்றை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செப்டம்பர் முதல் வாரம் போனால் இடி மழை குறையும், கூட்டமும் குறையும். முதல் மூன்று நாள் பயிற்சி, அதுவும் இறக்கத்தில் பிரேக் பிடிப்பதற்கு மட்டும். நான்காம் நாள் சிவப்புப் பாதைக்குப் போகலாமா என்பதை வழிகாட்டிப் பெண்ணும் மதியும் முடிவு செய்வார்கள். நான் அல்ல. இதை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஸ்பிதியை அழித்துவிடவில்லை. அண்ணன் போனில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். "இமயமலைக்குப் போறதா இருந்தா என்னைய விட்டுட்டுப் போயிராதீக. ஜீப்பு டயரு பஞ்சரானா யாரு பாப்பா?" அது மதிக்குப் பதினெட்டு முடிந்த பிறகு. அப்போது யாருடைய கையெழுத்தும் தேவைப்படாது.

இன்று காலை மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். காரணம் என்ற இடத்தில், அந்த ஒற்றை வரிக்குள் அடங்கும்படி எழுதினேன்: "முன் பிரேக்கைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று தாய் கற்றுக்கொடுத்திருந்தார்." காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு திருத்தக் கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன். திருச்சுழி எழுத்தர் சொன்னதுபோல், காரணத்தைத் தெளிவாக.

மதி பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், வாயில் ரொட்டியோடு என் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, வரியின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் ஜெர்மன் சொல் ஒன்றைச் சேர்த்தாள். தமிழில் சொன்னால், "சரிசெய்யப்பட்டது."

"அது உன்னைப் பத்தியா, என்னைப் பத்தியா?" என்றேன்.

"பஸ்ஸு வந்துரும், வாரேன்மா" என்றாள்.

பயிற்சியில் சேர்பவர்களின் பெயர் கேட்கும் இடத்தில் அவள் பெயருக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன். வயது நாற்பத்தாறு, அனுபவம்: ஒரு கண்மாய்க் கரை. பிறகு கையெழுத்துப் போட்டேன்.